ரத்தம் நின்றுவிட்டது, மெசலமினை நிறுத்தலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: தம்பிக்கு 27 வயது. பல மாதமாக மலத்தில் ரத்தமும் சளியும். முதலில் மூலம் என்று நினைத்து லேகியம், அப்புறம் அமீபா என்று மெட்ரோனிடசோல் இரண்டு மூன்று தவணை. கடைசியில் கொலனோஸ்கோபி செய்து பார்த்ததில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வருகிற நோய், இடதுபக்கம் மட்டும். டாக்டர் ஒரு நாளைக்கு 4.8 கிராம் மெசலமின் மாத்திரையும், ராத்திரியில் ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தும் 4 கிராம் மெசலமின் திரவமும், அதாவது எனிமாவும், எழுதிக் கொடுத்தார். எனிமாவைத் தம்பி நாலைந்து நாளோடு விட்டுவிட்டார். மாத்திரையில் ரத்தம் நின்றுவிட்டது. இப்போது வீட்டில் பேச்சு என்னவென்றால், அழற்சியைக் குறைக்கிற மருந்து என்றால் வலி மாத்திரை ரகம்தானே, கிட்னியைக் கெடுத்துவிடுமே, நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறினால் என்ன?

முதலில் நேரடிப் பதில். நிறுத்த வேண்டாம். எனிமாவைத் திரும்பத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிட்னி பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கு வழி ரத்தப் பரிசோதனை, மருந்தை விடுவது இல்லை. இது வலி மாத்திரை ரகம் கிடையாது. சொல்லப்போனால் இந்த நோய்க்காரர்கள் தள்ளி வைக்க வேண்டியதே அந்த ரகத்தைத்தான். மஞ்சளைக் கடைசியில் பார்ப்போம். நான் மருந்தாளுநர், குடல் நோய்ப் பிரிவு இருக்கிற மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவன். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது, எதனால் சிலருக்குச் செய்யாமல் போகிறது என்பதை விளக்குவது என்னால் முடியும்.

மெசலமினைப் பற்றி ஒன்றே ஒன்றைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். நாம் விழுங்கும் பெரும்பாலான மாத்திரைகள் ரத்தத்தில் கலந்து, ரத்தத்தின் வழியாக நோயுள்ள இடத்துக்குப் போகும். மெசலமின் அப்படி இல்லை. படைக்குக் களிம்பு பூசுவது மாதிரி, பெருங்குடலின் உட்சுவரில் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். ரத்தத்தில் கலந்த மெசலமினால் குடலுக்குப் பெரிய லாபம் இல்லை. அது சிறுநீரில் போய்விடும். அதனால் எத்தனை கிராம் விழுங்கினோம் என்பதைவிட, புண் இருக்கிற இடத்தில் எவ்வளவு விழுந்தது என்பதுதான் கணக்கு.

இது தெரியவந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. ஸ்வீடனில் நான்னா ஸ்வார்ட்ஸ் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மூட்டுவாதம் கிருமியால் வருகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஆகவே கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்து, வீக்கத்துக்கு ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சாலிசிலேட், இரண்டையும் ஒரே மூலக்கூறாகக் கோத்து பார்மாசியா நிறுவனத்தாரைக் கொண்டு செய்ய வைத்தார். அதுதான் சல்ஃபாசலசின். அதைச் சாப்பிட்டவர்களில் பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வயிறு நன்றாகத் தேறுவதையும் அவர் கவனித்தார். 1942-இல் எழுதி வெளியிட்டார். அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள், அதில் எந்தப் பாதி வேலை செய்கிறது என்பது தெரியாமலே.

அதைக் கண்டுபிடித்தது ஆக்ஸ்போர்டில், 1977-இல். ஆசாத் கான் என்ற வங்கதேச மருத்துவரும், பிரிஸ், ட்ரூலவ் ஆகியோரும் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழு சல்ஃபாசலசின், இன்னொன்றுக்குச் சல்ஃபா பாதி மட்டும், மூன்றாவதுக்கு 5-அமினோசாலிசிலிக் அமிலம் என்ற மற்றப் பாதி மட்டும். முழு மருந்தும் இந்தக் கடைசிப் பாதியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணம் காட்டின. சல்ஃபா பாதி எதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். அந்த 5-அமினோசாலிசிலிக் அமிலம்தான் இன்றைக்கு மெசலமின். இதில் உங்கள் தம்பி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஆய்வில் மூன்று மருந்தையும் எனிமாவாகத்தான் கொடுத்தார்கள். ஆக, இந்த மருந்து வேலை செய்கிறது என்று உலகத்துக்கு நிரூபணமானதே தம்பி வேண்டாமென்று ஒதுக்கிய வழியில்தான்.

சரி, வெறும் மெசலமின் பொடியை விழுங்கினால் என்ன ஆகும்? சிறுகுடலின் மேல்பகுதியே பெரும்பங்கை உறிஞ்சிவிடும். பெருங்குடலுக்கு மிச்சம் மீதிதான். சல்ஃபாசலசினில் சல்ஃபா பாதி செய்த ஒரே உபகாரம், மெசலமினைப் பிடித்துக்கொண்டு பெருங்குடல்வரை கூட்டிப்போனது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் பிணைப்பை உடைத்து மெசலமினை விடுவித்தன. சல்ஃபாவைக் கழற்றிய பிறகு அந்தக் காவல் இல்லை. அதனால் கம்பெனிகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தன. சிலவற்றில் அமிலத்தன்மை குறைந்த இடத்தில், அதாவது சிறுகுடலின் கடைசியில், கரைகிற மேல்பூச்சு இருக்கும். பென்டாசா போன்றவற்றில் சின்னச் சின்ன மணிகளாக இருந்து போகிற வழியெல்லாம் மெதுவாகக் கசியும். இன்னும் சிலவற்றில் பூச்சுக்குள் இன்னொரு அமைப்பு வைத்து, பெருங்குடல் முழுக்கப் பரவும்படி செய்திருப்பார்கள். 1.2 கிராம் மாத்திரைகள் பல இந்த வகை.

இதிலிருந்து வரும் நடைமுறை விஷயம்: மாத்திரையைக் கடிக்கக் கூடாது, பொடி செய்யக் கூடாது, பாதியாக உடைக்கக் கூடாது. மேல்பூச்சு போனால் மருந்து வழியிலேயே தொலைந்துவிடும். பெரிய மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்றால் சொல்லுங்கள், பாக்கெட்டில் வரும் மணிகளாக மாற்றித் தர வழி இருக்கிறது. அதையும் மெல்லாமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஆன்டாசிட் சிரப்பை அதே நேரத்தில் குடிக்காமல் இடைவெளி விடுவது நல்லது. ஒரு கம்பெனி மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் கரையும் இடம் வேறாக இருக்கலாம். அதனால் நன்றாக வேலை செய்யும் பிராண்டைக் கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்பதற்காக மாற்றிக் கொடுத்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மலத்தில் மாத்திரையின் தோல் மாதிரி ஏதாவது வெளியே வந்தால் பெரும்பாலும் அது காலி உறைதான், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். முழு மாத்திரை அப்படியே அடிக்கடி வருகிறது என்றால் மட்டும் சொல்ல வேண்டும்.

மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால்தான் நல்லது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஒரே வேளையில் மொத்த டோஸையும் எடுப்பதும் அதே பலனைத் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலைக்குப் போகிற பையன் மத்தியான மாத்திரையை மறப்பான். காலையில் பல் தேய்த்ததும் நான்கு மாத்திரையையும் ஒன்றாக விழுங்குவது அவனுக்குச் சுலபம். டாக்டர் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒருதரம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இனி எனிமா. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசவே கூச்சம். எழுதுகிற டாக்டருக்கும் விளக்க நேரம் இல்லை, கொடுக்கிற கடைக்காரருக்கும் விளக்க ஆர்வம் இல்லை. வாங்கிப்போகிறவர் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். என் அபிப்பிராயத்தில் இந்த நோயில் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் கேஸ்களில் கணிசமானவை, மருந்து போய்ச் சேராத கேஸ்கள்தான். வாய்வழி மாத்திரை மேலேயிருந்து வந்து, மலக்குடலை அடையும்போது இளைத்துப் போயிருக்கும். ஆனால் இந்த நோய் கிட்டத்தட்ட எப்போதும் மலக்குடலில் தொடங்கி மேலே ஏறுவது. ரத்தம், சளி, போய்விட்டு வந்தும் மறுபடி வருகிற மாதிரி இருக்கும் அந்தக் கடுப்பு, அவசரம் எல்லாம் பெரும்பாலும் கடைசி ஒரு சாண் குடலின் வேலை.

மலக்குடல் மட்டும் பாதித்திருந்தால் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாயில் வைக்கும் மருந்துக் குச்சி, போதும். 1 கிராம், ராத்திரி ஒன்று. அதற்கு மேல் சிக்மாய்டு பகுதிவரை என்றால் நுரையாக வருவது எட்டும். இடதுபக்கம் முழுவதும், மண்ணீரலுக்குக் கீழே குடல் திரும்பும் வளைவுவரை போக வேண்டுமென்றால் எனிமாதான். தம்பிக்கு டாக்டர் எழுதியது சும்மா கூடுதலாக இல்லை. ஆசனவாய் வழியாகக் கொடுக்கிற ஸ்டெராய்டைவிட மெசலமினே அங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்தது.

பிரான்சில் மார்ட்டோ என்பவர் தலைமையில் நடந்து 2005-இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பெருங்குடல் பரவலாகப் பாதித்தவர்கள் எல்லோருக்கும் வாய்வழியாக 4 கிராம் மெசலமின். பாதிப் பேருக்கு முதல் நான்கு வாரம் 1 கிராம் எனிமாவும் சேர்த்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத எனிமா. எட்டாவது வாரத்தில் மருந்து எனிமா வைத்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, மற்றவர்களில் 43 சதவீதம் பேருக்கு. எனிமா எட்டாத இடத்திலும் நோய் இருந்தவர்களுக்கே இவ்வளவு வித்தியாசம். நோய் இடதுபக்கத்தோடு நிற்கிற உங்கள் தம்பி அதை விடுவதில் அர்த்தமே இல்லை.

வைப்பது எப்படி என்று யாரும் சொல்லாததால் சொல்கிறேன். படுக்கப் போகும் நேரம் சரி. முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டு வரட்டும். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றினால் நல்லது. ஜில்லென்று இறங்கினால் குடல் சுருங்கி உடனே வெளியே தள்ளிவிடும். மருந்து அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்க வேண்டும். இடதுபக்கமாகப் படுத்து, இடதுகாலை நீட்டி, வலது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும். இடதுபக்கம் என்பதற்குக் காரணம் குடலின் அமைப்பு: அப்படிப் படுத்தால் மருந்து தானாகவே இடதுபக்கக் குடலுக்குள் வழிந்து போகும். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி, தொப்புளை நோக்கிச் சாய்த்து மெதுவாக நுழைத்து, ஒரே அமுக்காக இல்லாமல் சீராகப் பிழிய வேண்டும். பாட்டிலை அமுக்கிய நிலையிலேயே வெளியே எடுக்க வேண்டும், விட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே அரைமணி நேரம் இடதுபக்கம் படுத்திருந்துவிட்டு, அப்புறம் எப்படி வேண்டுமானாலும் தூங்கலாம். ராத்திரி முழுக்க உள்ளே நின்றால் ரொம்ப நல்லது.

முதல் வாரம் நிற்காது. அழற்சி உள்ள மலக்குடல் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது, அது நோயின் குணம். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாலும் கொஞ்சம் மருந்து சுவரில் பட்டிருக்கும். புண் ஆற ஆறப் பிடிக்கும் நேரம் கூடும். தம்பி விட்டது அனேகமாக இந்த இடத்தில்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். அப்படி என்றால் ஒரு வாரம் சப்போசிட்டரியோ நுரையோ வைத்துவிட்டு எனிமாவுக்கு ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். இன்னொன்று, படுக்கையில் பழைய கறுப்பு வேட்டியோ துண்டோ விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெசலமின் காற்றுப் பட்டால் பழுப்பாகும், துணியில் பிடித்த கறை போகாது. இதே காரணத்தால் உறையைப் பிரித்த பாட்டிலை நாள்கணக்கில் வைக்கக் கூடாது. உள்ளே கரும்பழுப்பாகியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். சப்போசிட்டரி நம் சித்திரை வெயிலில் உருகிவிடும், வண்டி டிக்கியில் போட்டு எடுத்து வர வேண்டாம்.

ரத்தம் நின்ற பிறகு ஏன் தொடர வேண்டும் என்பது அடுத்த விஷயம். ரத்தம் நிற்பது முதலில் நடக்கும். உட்சுவர் ஆறுவது அதற்குப் பிறகு பல வாரம் எடுக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி அணுக்கள் அதற்குப் பிறகும் இருக்கும். இது வந்து போகிற நோய், அடக்கி வைக்கலாம், மாத்திரையால் வேரோடு எடுக்க முடியாது. சிகாகோவில் சுனந்தா கேன் என்பவரும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் அடங்கிய நிலையில் இருந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மெசலமினை ஒழுங்காக எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் நோயில்லாமல் இருந்தார்கள். விட்டுவிட்டு எடுத்தவர்களில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் எல்லோருக்கும் அதே மருந்து.

4.8 கிராமே காலம் முழுக்க என்று அர்த்தம் இல்லை. அது நோய் எரிகிற காலத்துக்கான அளவு. அடங்கிய பிறகு பெரும்பாலும் 2 முதல் 2.4 கிராமுக்கு இறக்கி அதிலேயே வைப்பார்கள். எனிமாவையும் தினமும் என்பதிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாகக் குறைக்கலாம். எப்போது இறக்குவது என்பதற்கு ரத்தம் நின்றதை மட்டும் பார்க்காமல், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற பரிசோதனை செய்து பார்ப்பது நல்ல வழி. அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் குடலுக்குள் அந்தப் புரதத்தை விடும். கிராமுக்கு 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் உள்ளே அமைதி என்று நம்பலாம். இன்னொரு கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போட இது உதவும்.

கிட்னிக்கு வருவோம். மெசலமின் சிலருக்குச் சிறுநீரகத்தின் உள்திசுவில் அழற்சியை உண்டாக்கும். அரிது, ஆனால் நடக்கும். டோஸ் கூடுவதால் வருவது இல்லை, ஒவ்வாமை மாதிரி ஆளைப் பொறுத்தது. வலி, வீக்கம் என்று எதுவும் காட்டாமல் வரலாம் என்பதுதான் தொல்லை. அதனால் தொடங்குமுன் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒருதரம், இரண்டு மூன்று மாதத்தில் ஒருதரம், பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் என்று பார்க்க வேண்டும். எந்த லேபிலும் செய்வார்கள், செலவும் குறைவு. முதல் பரிசோதனையின் அளவு கையில் இருந்தால் பிறகு ஏறினால் உடனே தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தம்பிக்கு இதுவரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள்.

இன்னொரு பக்கவிளைவு ஏமாற்றக்கூடியது. ஒரு சிலருக்கு மெசலமினே பேதியையும் ரத்தத்தையும் கூட்டும், காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வரும். தொடங்கிய முதல் சில வாரத்துக்குள் இப்படி ஆகும். நோய் முற்றுகிறது என்று டோஸைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். கணையத்திலும் இதயத்தைச் சுற்றியும் அழற்சி வருவது இன்னும் அரிது. மேல்வயிற்றில் முதுகுவரை பாயும் வலியோ நெஞ்சுவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனை. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் மெசலமின் தொடங்குமுன்பே சொல்ல வேண்டும், குடும்பம் ஒன்று.

வலி மாத்திரை விஷயம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென் எல்லாம் குடல் சுவரைப் பாதுகாக்கும் பொருள்களையும் சேர்த்துத் தடுத்துவிடும். அடங்கியிருக்கும் கோலைட்டிஸ் சிலருக்கு இவற்றால் கிளம்பிவிடும். மெசலமின் வேலை செய்கிற வழி வேறு. குடல் சுவரின் அணுக்களுக்குள் அழற்சியைத் தூண்டும் செய்திகளை அமர்த்துகிறது, அதுவும் பட்ட இடத்தில் மட்டும். முதுகுவலி, பல்வலி என்று கடையில் ஏதாவது கேட்டால் எங்கள் ஆட்கள் கையில் முதலில் வருவது டைக்ளோ காம்பினேஷன்தான். தம்பிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள், கலவை மாத்திரை வேண்டாம். ரத்தபேதி இருக்கும்போது பேதியை நிறுத்த லோபரமைடு வாங்கிப் போடுவதும் ஆபத்து. கடுமையான கட்டத்தில் அது பெருங்குடலை ஊதிப் பெருக்க வைத்துவிடலாம்.

சல்ஃபாசலசின், சாஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, இன்றும் விலை குறைந்த நல்ல மருந்து. பேதியோடு மூட்டுவலியும் இருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் சல்ஃபாவின் தொல்லைகள் எல்லாம் கூடவே வரும்: தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைவது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அது ஒன்றும் இல்லை. ஃபோலிக் அமிலம் கூடவே எடுக்க வேண்டும். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும். நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி ஆகும். கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில் இருக்கும் பையனுக்கு இதை யாரும் சொல்லாமல், குழந்தை இல்லை என்று மருமகளை மட்டும் டெஸ்ட்டுக்கு அனுப்பும் குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். மெசலமினுக்கு இந்தப் பிரச்சினை பொதுவாக இல்லை. கர்ப்பிணிகளும் மெசலமினைத் தொடரலாம். அந்தச் சமயத்தில் நோய் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து.

மெசலமினுக்கு ஒரு எல்லை உண்டு. லேசானது முதல் நடுத்தரம்வரை உள்ள நோய்க்குத்தான் இது. மாத்திரையும் எனிமாவும் முழு அளவில் இரண்டு வாரம் எடுத்தும் ரத்தம் குறையவில்லை என்றால் டாக்டர் அடுத்த படிக்குப் போவார். பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக இறக்குவது வழக்கம், இல்லையென்றால் பெருங்குடலில் கரையும் புடெசோனைடு 9 மில்லிகிராம். ஸ்டெராய்டு தீயை அணைக்க நல்லது, காவலுக்கு வைக்கக் கூடாது. எலும்பு, சர்க்கரை, கண் எல்லாவற்றையும் கெடுக்கும். நிறுத்தினால் நோய் திரும்புகிறது என்பவர்களுக்கு அசதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப், டோஃபாசிட்டினிப் என்று நோய் எதிர்ப்பு வேகத்தை அடக்கும் மருந்துகளின் வரிசை இருக்கிறது. நம் நாட்டில் இன்ஃப்ளிக்சிமாபோ டோஃபாசிட்டினிபோ தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. அசதியோபிரினுக்கு முன் நட்15 என்ற மரபணுவைப் பார்ப்பது ஆசியர்களுக்கு முக்கியம். மாறுபாடு உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் சடாரென்று விழும், முடி கொட்டும். உங்கள் தம்பி இப்போது இந்தப் படிகளில் எதிலும் இல்லை, அதனால் நீட்டவில்லை.

ஆனால் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடித்துடிப்பு 90-க்கு மேல், அல்லது காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் என்றால் வீட்டில் இருக்கும் நேரம் இல்லை. ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோலை ஒட்டியே இன்றும் முடிவெடுக்கிறார்கள். அப்படி வந்தால் படுக்கையில் சேர்த்து நரம்பு வழியாக ஸ்டெராய்டு கொடுத்து, மூன்றாம் நாள் நிலைமையைப் பார்த்து அடுத்த மருந்தா அறுவையா என்று முடிவு செய்வார்கள். தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

முதலில் மூலம், அமீபா என்று மாதக்கணக்கில் போனதை எழுதியிருந்தீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை. இந்த நோய் மேல்நாட்டுக்காரர்களுக்கு வருவது என்ற எண்ணம் இங்கே ரொம்ப நாள் இருந்தது. லூதியானாவைச் சேர்ந்த மருத்துவர்கள் பஞ்சாபில் எடுத்து 2003-இல் வெளியிட்ட கணக்கில் லட்சம் பேருக்கு 44 பேர். அதே சமயம் அமீபாவைப் பார்ப்பது தப்பு இல்லை. நம் ஊரில் ஸ்டெராய்டு தொடங்குமுன் மலப் பரிசோதனையில் அமீபா இல்லை என்று உறுதிசெய்வது அவசியம். தப்பு எங்கே என்றால், ஒரு தவணை மெட்ரோனிடசோலுக்குக் கேட்காத ரத்தபேதிக்கு மூன்றாவது தவணையும் அதையே எழுதுவதில்தான். இனியும் நோய் கிளம்பினால் மெசலமின் கைவிட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், மலத்தில் கிருமி, குறிப்பாக சி. டிஃபிசில் என்ற பாக்டீரியா, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட கணக்கு ஒன்று. இடதுபக்கமோ முழுப் பெருங்குடலோ பாதித்தவர்களுக்கு நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆனதும் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று கொலனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். உள்ளே அழற்சி எரிந்துகொண்டே இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தொடர்ந்து மருந்து எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் கொலனோஸ்கோபி அறிக்கையையும் சதைத்துணுக்கு அறிக்கையையும் தொலைக்காமல் வையுங்கள், போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். நோய் எதுவரை பரவியிருந்தது என்ற ஒரு வரிதான் பத்து வருஷம் கழித்துத் தேவைப்படும்.

கடைசியாக மஞ்சள். இதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், ஏனென்றால் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2015-இல் வெளிவந்த ஒன்றில், மெசலமின் முழு அளவில் எடுத்தும் அடங்காதவர்களுக்கு மெசலமினை நிறுத்தாமல் கூடவே மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் என்ற பொருளை ஒரு நாளைக்கு 3 கிராம் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. மெசலமினோடு மருந்தில்லாத போலி காப்சூல் எடுத்த பிரிவில் ஒருவருக்கும் இல்லை. மொத்தமே 50 பேர் உள்ள சின்ன ஆய்வு, ஆனாலும் கவனிக்க வேண்டியது. டெல்லி எய்ம்ஸில் ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. ஆக அளவு முக்கியம், மெசலமின் கூடவே இருந்ததும் முக்கியம். மஞ்சள்தூளில் குர்குமின் எடையில் சுமார் 3 சதவீதம்தான். 3 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினமும் 100 கிராம் தூள் சாப்பிட வேண்டும், பாலில் அரைக் கரண்டி போட்டு அதை எட்ட முடியாது. காப்சூலாக எடுக்க நினைத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். செறிவூட்டிய குர்குமினால், முக்கியமாக மிளகுச் சாறு சேர்த்த வகைகளால், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. மெசலமினோடு சேர்த்து எடுப்பதா என்று கேட்டால் அது பேசக்கூடிய கேள்வி. அதற்குப் பதிலாக என்று கேட்டால் என் பதில் முடியாது என்பதுதான். ரசத்திலும் சாம்பாரிலும் போடுகிற மஞ்சளை யாரும் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.